நுரையீரல் மாற்று சிகிச்சை: மருத்துவமனையின் எண்களை எப்படிப் படிப்பது, என்ன கேட்பது

நுரையீரல் மாற்றுதான் இனி வழி என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் எல்லோரும் தேட ஆரம்பிப்பது இரண்டே விஷயங்களைத்தான். எங்கே செய்தால் பிழைப்பார், எவ்வளவு நாள் காத்திருக்க வேண்டும். இரண்டுக்குமே மருத்துவமனைகள் ஒரு எண் சொல்லும். "எங்களிடம் 90 சதவீத வெற்றி", "சராசரி காத்திருப்பு மூன்று மாதம்". இந்த எண்கள் பொய்யாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை, உண்மையாக இருந்துகொண்டே நம்மைத் தவறான முடிவுக்கு இழுத்துப் போகக்கூடியவை. அதனால் புதிதாக இந்த வழியில் வருகிறவர்களுக்காக, எந்த எண்ணை எப்படிப் பார்க்க வேண்டும், எந்தக் கேள்வியை யாரிடம் கேட்க வேண்டும் என்று வரிசையாக எழுதுகிறேன். எங்கள் வீட்டில் ஒருவருக்காக இதையெல்லாம் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டோம், நீங்கள் ஆரம்பத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

முதல் படி: சீக்கிரம் போங்கள்

மாற்று சிகிச்சைக் குழுவிடம் அனுப்பும் பரிந்துரை வேறு, உறுப்புக்காகக் காத்திருக்கும் பட்டியலில் சேர்வது வேறு. மாற்று சிகிச்சை செய்யும் குழுவைப் போய்ப் பார்த்துவிட்டால் உடனே அறுவை சிகிச்சை என்று அர்த்தம் இல்லை. "இப்போது தேவையில்லை, ஆறு மாதம் கழித்து வாருங்கள்" என்று அனுப்பினால் அது நல்ல செய்தி. ஆனால் அவர்களிடம் உங்கள் ஃபைல் இருக்கிறது என்பது பெரிய விஷயம். நுரையீரல் தழும்பாகிக்கொண்டே போகும் ஐபிஎஃப் மாதிரியான நோய்களில், நோய் என்னவென்று தெரிந்த உடனேயே மாற்று சிகிச்சைக் குழுவிடம் அனுப்ப வேண்டும் என்பதுதான் இதய, நுரையீரல் மாற்று சிகிச்சைக்கான சர்வதேச சங்கம் 2021இல் வெளியிட்ட பரிந்துரை. காரணம், அந்த நோய் மாதக்கணக்கில் அமைதியாக இருந்துவிட்டு ஒரே வாரத்தில் ஆளை வென்டிலேட்டரில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும், அந்த நிலையில் பரிசோதனைகளை ஆரம்பிப்பது மிகக் கடினம். மூச்சுக்குழாய்கள் நாள்பட அடைபடும் சிஓபிடி பெரும்பாலும் மெதுவாக நகரும், அங்கே கொஞ்சம் அவகாசம் உண்டு.

பரிசோதனைகளும் ஒரே நாளில் முடிகிற சமாச்சாரம் இல்லை. சிடி ஸ்கேன், எக்கோ, இதயக் குழாய்ப் பரிசோதனை, எலும்பு அடர்த்தி, பல், சிறுநீரகம், கல்லீரல், தொற்றுகள், ஆறு நிமிட நடைச் சோதனை, மனநல ஆலோசனை, வீட்டில் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள் என்ற விசாரணை என்று நீளும். காத்திருப்புக் காலம் பற்றிக் கேட்கும்போது எல்லோரும் பட்டியலில் சேர்ந்த பிறகான நாட்களைத்தான் சொல்வார்கள், அதற்கு முந்தைய இந்த வாரங்கள் கணக்கில் வராது. ஆகவே கேள்வியை இப்படிக் கேளுங்கள்: "முதல் முறை உங்களைப் பார்த்த நாளிலிருந்து பட்டியலில் பெயர் ஏறும் நாள் வரை பொதுவாக எவ்வளவு ஆகிறது?"

இரண்டாவது: காத்திருப்பு ஏன் ஆளுக்கு ஆள் மாறுகிறது

பட்டியல் என்றதும் முன்னால் நிற்பவர் முதலில் போவார் என்று நினைத்துக்கொள்வோம். பல நாடுகளில் அப்படி இல்லை. அமெரிக்காவில் 2005 மே மாதம் வரை பெரும்பாலும் யார் அதிக நாள் காத்திருக்கிறார்களோ அவருக்குத்தான் முன்னுரிமை. வேகமாக மோசமாகும் நோய் உள்ளவர்கள் வரிசையிலேயே இறந்துபோனார்கள். அதனால்தான் எவ்வளவு அவசரம், செய்தால் எவ்வளவு பலன் என்ற இரண்டையும் சேர்த்து மதிப்பெண் போடும் முறைக்கு மாறினார்கள், 2023 மார்ச்சில் அதையும் விரிவாக்கி ரத்தப் பிரிவு, உயரம், எதிர்ப்புரதம் இவற்றால் உறுப்பு கிடைக்கச் சிரமப்படுபவர்களுக்கும் புள்ளிகள் கொடுத்தார்கள். ஜெர்மனி 2011 இறுதியில் மதிப்பெண் முறைக்கு வந்தது. பிரிட்டன் 2017இல் அவசரம், மிக அவசரம் என்று தனி அடுக்குகள் வைத்தது. உங்கள் இடத்தில் எந்த முறை என்பதை முதலில் கேளுங்கள், ஏனென்றால் மதிப்பெண் முறை உள்ள இடத்தில் "நான் எத்தனையாவது?" என்ற கேள்விக்குப் பதிலே கிடையாது. உங்கள் நிலை மாறினால் மதிப்பெண்ணும் மாறும். ஆக்ஸிஜன் தேவை இரண்டு லிட்டரிலிருந்து ஆறு லிட்டருக்குப் போனால் அதே வாரம் மாற்று சிகிச்சைக் குழுவின் கோஆர்டினேட்டருக்குச் சொல்ல வேண்டும், அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை பொறுத்திருக்கக் கூடாது.

முறை எதுவானாலும் உடம்பு சம்பந்தப்பட்ட மூன்று விஷயங்கள் காத்திருப்பை நீட்டும். ஒன்று ரத்தப் பிரிவு: ஓ பிரிவு நுரையீரல் யாருக்கும் பொருந்தும், ஆனால் ஓ பிரிவு நோயாளிக்கு ஓ மட்டும்தான், அதனால் அவர்கள் காத்திருப்பு பெரும்பாலும் அதிகம். இரண்டாவது மார்புக் கூட்டின் அளவு. பெரிய உடம்புக்காரருடைய நுரையீரல் குள்ளமான பெண்ணின் மார்பில் அடங்காது. உயரம் குறைந்தவர்கள், குறிப்பாகப் பெண்கள், கூடுதலாகக் காத்திருப்பது இதனால்தான். மூன்றாவது எதிர்ப்புரதங்கள். முன்பு ரத்தம் ஏற்றியிருந்தாலோ, கர்ப்பமாகியிருந்தாலோ, வேறு உறுப்பு மாற்றியிருந்தாலோ உடம்பில் மற்றவர்களுடைய திசுவுக்கு எதிரான புரதங்கள் உருவாகியிருக்கலாம். பிஆர்ஏ என்று ஒரு பரிசோதனை உண்டு, அதன் சதவீதம் கூடக் கூட, கிடைக்கும் கொடையாளர்களில் உங்களுக்கு ஒத்துவராதவர்கள் கூடுகிறார்கள். இந்த மூன்றும் தெரிந்த பிறகு மருத்துவமனையிடம் பொதுச் சராசரியைக் கேட்காதீர்கள். "என் ரத்தப் பிரிவு, என் உயரம், என் நோய் உள்ளவர்கள் இங்கே எவ்வளவு காத்திருந்தார்கள்?" என்று கேளுங்கள்.

மூன்றாவது: "சராசரி காத்திருப்பு" என்ற எண்ணுக்குள் யார் இல்லை என்று பாருங்கள்

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள், கட்டுரையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. ஒரு மருத்துவமனையில் ஒரு வருடத்தில் 40 பேர் பட்டியலில் சேர்கிறார்கள். 20 பேருக்கு உறுப்பு கிடைத்து அறுவை சிகிச்சை நடக்கிறது, பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள். 8 பேர் காத்திருக்கும்போதே இறந்துவிடுகிறார்கள். 4 பேரை "உடல்நிலை தாங்காது" என்று பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். மீதி 8 பேர் இன்னும் காத்திருக்கிறார்கள். அறுவை சிகிச்சை நடந்த 20 பேரை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் "சராசரி காத்திருப்பு மூன்று மாதத்துக்கும் குறைவு" என்று வரும். அந்த 20 பேரில் 18 பேர் ஒரு வருடம் கழித்தும் இருந்தால் "90 சதவீத வெற்றி". இரண்டுமே சரியான கணக்குதான். ஆனால் பட்டியலில் பெயர் கொடுத்த 40 பேரின் கண்ணிலிருந்து பார்த்தால், புது நுரையீரலோடு ஒரு வருடம் தாண்டியவர்கள் பாதிகூட இல்லை. நீங்கள் இன்று நிற்பது அந்த 40 பேரின் இடத்தில், 20 பேரின் இடத்தில் இல்லை.

ஆகவே கேட்க வேண்டியது: "கடந்த இரண்டு மூன்று வருடத்தில் பட்டியலில் சேர்ந்தவர்களில் எத்தனை பேருக்கு அறுவை சிகிச்சை நடந்தது, எத்தனை பேர் காத்திருக்கும்போது இறந்தார்கள், எத்தனை பேர் நீக்கப்பட்டார்கள், எத்தனை பேர் இன்னும் காத்திருக்கிறார்கள்?" நான்கு எண்கள். கூட்டினால் மொத்தம் வர வேண்டும். "நீக்கப்பட்டவர்கள்" எண்ணைத் தவறாமல் கேளுங்கள், ஏனென்றால் மிகவும் மோசமாகி நீக்கப்பட்டவர்கள் அடுத்த சில நாளில் இறந்தால்கூட அது காத்திருப்பு மரணமாகப் பதிவாகாமல் போகலாம்.

அமெரிக்காவில் எஸ்ஆர்டிஆர் என்ற பதிவேடு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு மருத்துவமனைக்கும் அறிக்கை போடுகிறது. அதில் அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய உயிர்வாழ்வோடு, பட்டியலில் இருக்கும்போது உயிர்வாழ்வது எப்படி, உறுப்பு எவ்வளவு வேகமாகக் கிடைக்கிறது என்பதும் தனித்தனியாக வரும், யாரும் இலவசமாகப் பார்க்கலாம். அப்படி ஒரு பொதுப் பதிவேடு உள்ள இடத்தில் இருப்பவர்கள் மருத்துவமனையின் விளம்பரத்தை ஓரம் வைத்துவிட்டு நேராக அங்கே போங்கள். இல்லாத இடத்தில் இருப்பவர்கள் இந்த நான்கு எண்களையும் எழுத்தில் கேளுங்கள், மின்னஞ்சலில் கேட்டாலும் சரி. தரத் தயங்கும் குழுவைப் பற்றி எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு: நல்ல குழுவுக்கு இந்த எண்கள் விரல் நுனியில் இருக்கும்.

நான்காவது: உயிர்வாழ்வு எண்ணைப் பிரித்துப் படிப்பது

முதலில் உலக அளவில் எதிர்பார்ப்பை வைத்துக்கொள்வோம். 1963இல் அமெரிக்காவின் மிசிசிப்பியில் ஜேம்ஸ் ஹார்டி செய்த முதல் நுரையீரல் மாற்றில் நோயாளி 18 நாள் இருந்தார். 1983இல் டொராண்டோவில் ஜோயல் கூப்பர் குழு செய்ததுதான் நீண்ட நாள் பலன் தந்த முதல் சிகிச்சை. இன்று அனுபவமுள்ள இடங்களில் பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு முதல் வருடத்தைத் தாண்டுகிறார்கள். சர்வதேசப் பதிவேட்டின்படி 2010 முதல் 2017 வரை சிகிச்சை பெற்ற பெரியவர்களில் பாதிப் பேர் 6.7 வருடத்துக்கு மேல் வாழ்ந்தார்கள். இதய மாற்றோடு ஒப்பிட்டால் இது குறைவு, அங்கே பாதிப் பேர் பன்னிரண்டு வருடத்தைத் தாண்டுகிறார்கள். நுரையீரல் ஒவ்வொரு மூச்சிலும் வெளிக்காற்றைத் தொடுகிறது, கிருமியும் தூசும் நேராக அதற்குள் போகின்றன, உடம்பு புது உறுப்பை எதிர்க்கும் நிராகரிப்பும் அதிகம். இதைக் கேட்டுப் பயந்துவிட வேண்டாம். பாதிப் பேர் 6.7 வருடத்துக்கு மேல் இருக்கிறார்கள் என்பதுதான் அந்த எண்ணின் பொருள், முதல் வருடத்தைத் தாண்டியவர்களை மட்டும் எடுத்தால் அந்தக் காலம் இன்னும் நீள்கிறது.

இப்போது மருத்துவமனை சொல்லும் எண்ணுக்கு வருவோம். "வெற்றி" என்றால் என்ன என்று கேளுங்கள். அறுவை அரங்கிலிருந்து உயிரோடு வந்ததா, 30 நாளா, டிஸ்சார்ஜா, ஒரு வருடமா? 30 நாள் எண்ணைத் தனியாக நான் நம்பவே மாட்டேன். முப்பதாவது நாளில் வென்டிலேட்டரில் இருப்பவரும் அந்தக் கணக்கில் உயிரோடு இருப்பவர்தான். ஒரு வருடம், மூன்று வருடம் இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். முதல் வருட எண் அறுவை சிகிச்சைக் குழுவையும் ஐசியுவையும் பற்றிச் சொல்லும், மூன்று ஐந்து வருட எண்கள் அதன் பிறகு உங்களைப் பார்க்கப்போகிற நுரையீரல் மருத்துவர்களைப் பற்றிச் சொல்லும். திட்டம் தொடங்கி நான்கு வருடமே ஆன இடத்தில் ஐந்து வருட எண் இருக்கவே முடியாது, அது குற்றம் இல்லை, ஆனால் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

அப்புறம் மொத்த எண்ணிக்கை. வருடத்துக்கு 12 பேருக்குச் செய்கிற இடத்தில் ஒருவர் இறந்தால் 92 சதவீதம், மூன்று பேர் இறந்தால் 75. அடுத்த வருடம் தலைகீழாக மாறலாம், அதில் திறமை எவ்வளவு, தற்செயல் எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. சிறிய எண்ணிக்கை உள்ள இடத்தில் ஒரு வருடத்தைப் பார்க்காமல் மூன்று நான்கு வருடத்தைச் சேர்த்துப் பாருங்கள். குழு எத்தனை வருடமாக மாறாமல் இருக்கிறது என்றும் கேளுங்கள். தலைமை அறுவை சிகிச்சை நிபுணர் போன வருடம் வேறு இடம் போயிருந்தால் பழைய எண்கள் அவருடையவை.

தொடர்பு விட்டுப்போனவர்களை எப்படிக் கணக்கில் வைக்கிறார்கள் என்பதும் ஒரு கேள்வி. தூரத்திலிருந்து வந்து செய்துகொண்டு ஊர் திரும்பியவர் எட்டாவது மாதத்துக்குப் பின் வரவே இல்லை என்றால், அவர் உயிரோடு இருப்பதாக எண்ணப்படுகிறாரா?

கடைசியாக, யாருக்குச் செய்கிறார்கள் என்பதைப் பாருங்கள். சிக்கலான நோயாளிகளைத் திருப்பி அனுப்பிவிட்டு, வயது குறைந்த, ஒழுங்காக நடக்க முடிகிற ஆட்களை மட்டும் சேர்த்துக்கொண்டால் எந்த இடத்திலும் எண் அழகாக வரும். ரத்தத்துக்கு வெளியிலிருந்து ஆக்ஸிஜன் ஏற்றும் எக்மோ இயந்திரத்தில் இருப்பவர்களையும் எழுபதை நெருங்குபவர்களையும் எடுத்துச் செய்கிற இடத்தில் சதவீதம் இரண்டு மூன்று குறைவாக இருக்கலாம், ஆனால் உங்கள் வீட்டில் இருப்பவர் அப்படிப்பட்ட நிலையில் இருந்தால் அந்த இடம்தான் உங்களுக்கு வேண்டிய இடம். நான் தனிப்பட்ட முறையில், 88க்கும் 91க்கும் உள்ள வித்தியாசத்தைவிடச் சீக்கிரம் உறுப்பு கிடைப்பதையே பெரிதாக எடுத்துக்கொள்வேன். காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் தசை கரைகிறது, எடை குறைகிறது, அறுவை சிகிச்சையைத் தாங்கும் சக்தி குறைகிறது.

ஐந்தாவது: உறுப்பு வந்தால் அந்தக் குழு ஏற்றுக்கொள்கிறதா

இதைப் பலர் கேட்பதே இல்லை. கொடையாளர்கள் பலரிடமிருந்து இதயம், சிறுநீரகம் எடுக்க முடிந்தாலும் நுரையீரல் எடுக்க முடிவதில்லை, ஏறத்தாழ ஐந்தில் ஒருவரிடமிருந்துதான் முடியும் என்பது நீண்ட கால அனுபவம். விபத்திலும் மூளைச்சாவிலும் வென்டிலேட்டரிலும் முதலில் கெடுவது அதுதான். எஞ்சியவற்றிலும் எதை ஏற்பது, எதை மறுப்பது என்பது குழுவுக்குக் குழு மாறும். ஒரு குழு மறுத்த நுரையீரலை இன்னொரு குழு வாங்கி நன்றாகவே செய்துவிடும். வெளியே எடுத்த நுரையீரலை இயந்திரத்தில் வைத்துக் காற்றும் திரவமும் செலுத்திப் பரிசோதிக்கும் முறையை டொராண்டோ குழு வளர்த்தெடுத்து 2011இல் முடிவுகளை வெளியிட்டது. ஐஸில் வைத்தால் சுமார் ஆறு மணி நேரம் என்றிருந்த வரம்பு, 10 டிகிரியில் பாதுகாக்கும் முறையால் இன்னும் நீண்டிருக்கிறது. இதயம் நின்ற பிறகு தரப்படும் நுரையீரலையும் பல இடங்களில் ஏற்கிறார்கள். "இவற்றில் எதெல்லாம் இங்கே நடக்கிறது, வந்த உறுப்புகளில் எத்தனை பங்கு ஏற்றுக்கொள்கிறீர்கள்?" என்று கேளுங்கள். பதிலிலேயே உங்கள் காத்திருப்பு எப்படி இருக்கும் என்று பாதி புரிந்துவிடும்.

ஆறாவது: பட்டியலில் ஏறிய பிறகு

பல மருத்துவமனைகள் இரண்டு மணி நேரத்துக்குள் வந்து சேரும் தூரத்தில் தங்கியிருக்கச் சொல்லும். போன் எப்போதும் சார்ஜில், சத்தத்தில். தெரியாத எண் என்று எதையும் துண்டிக்கக் கூடாது, வீட்டில் இன்னும் இரண்டு பேருடைய எண்ணையும் கோஆர்டினேட்டரிடம் கொடுத்துவையுங்கள். ஆக்ஸிஜன் சிலிண்டர் எவ்வளவு நேரம் வரும், வண்டியில் போகும்போது மாற்றுச் சிலிண்டர் எங்கே என்பதை ஒருமுறை ஒத்திகை பார்த்துவிடுங்கள்.

அழைப்பு வந்தாலே அறுவை சிகிச்சை என்று நினைக்காதீர்கள். எங்களுக்கு முதல் அழைப்பு நள்ளிரவில் வந்தது. எதுவும் சாப்பிடாமல் போய், ரத்தம் எடுத்து, எக்ஸ்ரே எடுத்து, மார்பில் சோப்புத் தண்ணீரால் துடைத்து, பச்சை உடையும் போட்டு ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்தாயிற்று. விடியும் நேரத்தில் கோஆர்டினேட்டர் வந்து, நுரையீரலைத் திறந்து பார்த்ததில் கீழ்ப்பகுதியில் தொற்று இருக்கிறது, வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார்கள், வீட்டுக்குப் போகலாம் என்றார். இப்படி நடப்பது சகஜம், ஒன்றுக்கு மேற்பட்ட முறையும் நடக்கலாம். கெட்ட நுரையீரலை மறுத்தது உங்களுக்குச் செய்த உதவிதான், ஆனால் அன்று அது அப்படித் தோன்றாது, அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

காய்ச்சல், வேறு மருத்துவமனையில் சேர்க்கை, புதிய ஆண்டிபயாட்டிக், ரத்தம் ஏற்றியது, எல்லாவற்றையும் உடனே சொல்லுங்கள். தொற்று இருந்தால் பட்டியலில் தற்காலிகமாக நிறுத்திவைப்பார்கள், சரியானதும் மறுபடி ஏற்றினார்களா என்று நீங்களே போன் செய்து உறுதிப்படுத்துங்கள். உயிருள்ள கிருமியால் ஆன தடுப்பூசிகளை மாற்று சிகிச்சைக்குப் பின் போட முடியாது, தேவைப்பட்டால் முன்பே போட வேண்டும். பிசியோதெரபியை விடவே கூடாது, ஆக்ஸிஜனோடு நடந்தாலும் நடைதான்.

கூடவே, மூச்சுத்திணறலையும் பதற்றத்தையும் குறைக்கும் வலி தணிப்பு மருத்துவக் குழுவையும் இப்போதே பாருங்கள். நம்பிக்கையைக் கைவிட்டதாக அதற்கு அர்த்தம் இல்லை. காத்திருக்கும் மாதங்களும் வாழ வேண்டிய மாதங்கள்தானே.

ஏழாவது: அதற்குப் பிந்தைய வருடத்தைப் பற்றி முன்கூட்டியே கேளுங்கள்

நிராகரிப்பைத் தடுக்க டாக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட், ஸ்டீராய்டு, இந்த மூன்றும் பெரும்பாலும் உண்டு, அவற்றோடு தொற்றுத் தடுப்பு மருந்துகள். டாக்ரோலிமஸ் பன்னிரண்டு மணி நேர இடைவெளியில். ரத்தத்தில் அதன் அளவு பார்க்கும் நாளில் காலை மாத்திரையை விழுங்காமல் கையில் கொண்டுபோய், ரத்தம் எடுத்த பிறகே போட வேண்டும், இல்லாவிட்டால் அளவு தப்பாக வந்து டோஸையும் தப்பாக மாற்றுவார்கள். சில பூஞ்சைத் தடுப்பு மாத்திரைகள் இதன் அளவைப் பல மடங்கு ஏற்றிவிடும், ஆகவே வேறு எந்த டாக்டர் என்ன எழுதினாலும் மாற்று சிகிச்சைக் குழுவிடம் கேட்காமல் போடாதீர்கள்.

வீட்டில் வைத்துக்கொள்ள, ஊதும் மூச்சை அளக்கும் ஒரு சிறிய ஸ்பைரோமீட்டர் தருவார்கள். தினமும் காலையில் ஒரே நேரத்தில் ஊதி எழுதிவைக்க வேண்டும். வழக்கமான அளவிலிருந்து 10 சதவீதம் இறங்கினால், இருமலோ காய்ச்சலோ இல்லாவிட்டாலும், அன்றே போன் செய்ய வேண்டும். நாள்பட்ட நிராகரிப்பு வலி கொடுக்காமல்தான் வரும், அந்த நோட்டில் உள்ள எண்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். ஆகவே மருத்துவமனையிடம் கேளுங்கள்: இரவில் போன் செய்தால் யார் எடுப்பார், பிராங்கோஸ்கோபி (மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டுப் பார்ப்பது) எத்தனை நாளுக்குள் செய்வீர்கள், முதல் வருடம் எத்தனை முறை வர வேண்டும், எவ்வளவு மாதம் அருகில் தங்க வேண்டும், மருந்துச் செலவு அறுவை சிகிச்சைச் செலவில் சேர்ந்ததா தனியா. மருந்து வாழ்நாள் முழுக்க வாங்க வேண்டியது, அதனால் செலவுத் திட்டத்தில் மாதக் கணக்கையும் எழுதுங்கள்.

ஒரு மருத்துவமனை "முடியாது" என்று சொன்னால்

காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். சில காரணங்கள் மாற்றக்கூடியவை: எடை, நடக்கும் சக்தி, புகைபிடிப்பதை நிறுத்தி ஆன காலம், சர்க்கரை, ஒரு பல் தொற்று. எந்த எண்ணுக்கு வந்தால் மறுபடி பார்ப்பீர்கள், எப்போது வரலாம் என்று கேட்டுக்கொண்டு வாருங்கள். வேறு சில காரணங்கள் அந்த இடத்தின் வரம்பு மட்டுமே. வயது, பிஆர்ஏ சதவீதம், முன்பு மார்பில் செய்த அறுவை சிகிச்சை, சில வகைக் கிருமிகள், இவற்றில் ஓரிடத்தின் கோடு இன்னோரிடத்தின் கோடாக இருக்காது. அதனால் உங்கள் ஃபைலை இன்னொரு இடத்துக்கு அனுப்புங்கள், தாமதிக்காமல் அனுப்புங்கள். அனுப்பும்போது சிடி ஸ்கேனின் ரிப்போர்ட் தாளோடு நிற்காமல் படங்கள் உள்ள டிஸ்க்கையும் வையுங்கள், கடைசி மூன்று நுரையீரல் செயல்திறன் பரிசோதனைகள், ஆறு நிமிட நடையில் எத்தனை மீட்டர், எத்தனை லிட்டர் ஆக்ஸிஜனில், ரத்தப் பிரிவு, உயரம், எடை, இப்போதைய மருந்துகள், எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் தேதியோடு எழுதி மேலே வைத்து அனுப்புங்கள். அந்த ஒரு பக்கத்தைப் படித்துவிட்டு அன்றே கூப்பிட்டுப் பேசிய குழுக்களும் உண்டு.